வராத நோயாளிக்குப் பட்ட கடன்

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவர் என்று மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளைச் சொல்லி முடிகிறது. நான்கும் ஒரே இடத்தில் இருக்கின்றன. மருந்து யாருக்குக் கொடுக்கப்படுகிறதோ அவருக்கே பலன் போய்ச் சேருவதால், பலன் யாருக்கு என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. ஆய்வு என்று வந்துவிட்டால் ஐந்தாவதாக ஒருவர் சேர்ந்துகொள்கிறார். அதே நோயோடு இனிமேல் வரப்போகிறவர் அவர். இன்று படுத்திருப்பவரின் இரத்தமும் சளியும், கண்ணிலிருந்து சுரண்டிய திசுவும் பெரும்பாலும் அந்த வராத நோயாளிக்காகவே எடுக்கப்படுகின்றன. இன்றைய உடலை நாளைய உடலுக்காகப் பயன்படுத்த யாருக்கு உரிமை, எந்த நிபந்தனையின் பேரில் என்பதே வெப்பமண்டலத் தொற்றுநோய் ஆய்வின் அடியில் கிடக்கும் அறக்கேள்வி.

மேற்கத்திய மெய்யியல் இதற்கு இரண்டு விடைகளை வைத்திருக்கிறது. பெந்தாமின் வழி வந்தவர்கள் ஒருவரின் சிறு தொல்லையையும் பலரின் பெரு நன்மையையும் தராசில் வைப்பார்கள். காண்ட்டைப் பின்பற்றுபவர்கள், எந்த மனிதரையும் வெறும் கருவியாக மட்டும் நடத்தக் கூடாது என்பதால், அறிந்து கொடுத்த சம்மதம் இல்லாமல் ஊசியே போடக் கூடாது என்பார்கள். இரண்டும் தேவைதான். ஆனால் இரண்டுமே இடத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. சோழவந்தான் வயற்காட்டுக்காரர் கொடுத்த மாதிரியால் வாடிப்பட்டிக்காரர் ஒருவர் பிழைத்தால், அது ஒரே சமூகத்துக்குள் நடந்த கொடுக்கல் வாங்கல். அதே மாதிரியால் கடல் கடந்த நகரம் மட்டுமே பலன் பெற்றால் கணக்கு வேறு. தராசும் சரியாக நிற்கலாம், சம்மதப் படிவமும் சரியாக இருக்கலாம். நீதி மட்டும் இடறியிருக்கும். நோய் இருக்கும் ஊரிலேயே ஆய்வகம், அந்த ஊர் மருத்துவர்களே எழுப்பும் கேள்வி, தொலைவிலுள்ள பல்கலைக்கழகத்தோடும் நிதி நிறுவனத்தோடும் சமமான உடன்பாடு என்ற ஏற்பாட்டை நிர்வாக வசதியாகப் பார்ப்பதே வழக்கம். அறம் கேட்கும் குறைந்தபட்ச நிபந்தனை என்று அதைச் சொல்வதே பொருந்தும்.

மதுரையில் இந்தக் கேள்விக்கு ஏறத்தாழ 180 ஆண்டு வரலாறு உண்டு. கில் என்ற மருத்துவர் 1842இல் மதுரை மருந்தகத்தில் ஒரு கால் நோயைத் தனி நோயாக அடையாளம் கண்டு பதிவு செய்தார். பாதம் மெல்ல வீங்கும். பல இடங்களில் புண்வாய் திறக்கும். சீழோடு குருணை குருணையாகக் கறுப்பும் வெள்ளையும் வெளிவரும். வெறுங்காலோடு வயலிலும் முட்காட்டிலும் நடப்பவருக்கு முள் குத்திய துளை வழியே பூஞ்சையோ ஒருவகை பாக்டீரியாவோ உள்ளே போவதுதான் காரணம். சில ஆண்டுகளில் கோல்புரூக் என்பவரின் எழுத்து வழியாக ‘மதுரைக் கால்’ என்ற பெயர் பரவியது. பம்பாயில் ஹென்றி வான்டைக் கார்ட்டர், வெட்டி எடுக்கப்பட்ட கால்களின் திசுக்களை ஆராய்ந்து பூஞ்சையே காரணம் என்று வாதிட்டு, 1860இல் ‘மைசிட்டோமா’ என்று பெயரிட்டார். 1874இல் தனி நூலும் வெளியிட்டார். பிற்பாடு நோய்க்குக் காரணமான பூஞ்சையின் பேரினமும் மதுரெல்லா ஆயிற்று.

இதில் கொடுமை ஏதும் நடந்ததாகச் சொல்ல முடியாது. காலை எடுப்பதைத் தவிர அன்று வேறு வைத்தியம் இருக்கவில்லை. எடுத்த காலை ஆராய்ந்ததால் யாருக்கும் கூடுதல் நோவும் இல்லை. ஆனாலும் ஓட்டம் ஒரே திசையில்தான் இருந்தது. ஊரின் பெயர் உலக மருத்துவ அகராதியில் ஏறியது. அந்த நோய்க்கென்று ஓர் ஆய்வகம் ஊருக்கு வரவில்லை. கால்களுக்கு உரியவர்கள் நூல்களில் மாதிரிகளாகவே நிற்கிறார்கள். ஏழைகளின் நோய் என்பதால் மைசிட்டோமா நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. உலக சுகாதார நிறுவனம் அதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்ததே 2016இல்தான். அதற்கான தனி ஆய்வு மையம் 1991இல் சூடானின் கார்ட்டூமில் எழுந்தது. மருந்துப் பரிசோதனைகளும் அங்கேயே நடந்தன. அண்மைய உள்நாட்டுப் போரில் அந்த மையம் அழிவுக்குள்ளானபோது, ஒரு நோயின் அறிவை ஒரே ஊர் சுமந்துகொண்டிருப்பதன் ஆபத்தும் வெளிப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நிலைமை மாறத் தொடங்கியது. 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. சென்னை மாநில அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்த ஏற்பாடு அது. பிரிட்டிஷ் தரப்பில் வாலஸ் ஃபாக்ஸ் பொறுப்பேற்று வந்தார். நோயாளிகள் பெருவாரியாக இருக்கிறார்கள், சானடோரியப் படுக்கைகளோ சொற்பம். வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தால் குணமாகுமா என்பதே கேள்வி. 193 நோயாளிகள் சீட்டுக் குலுக்கல் போல வீட்டுக்கும் சானடோரியத்துக்குமாகப் பிரிக்கப்பட்டார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு நெருக்கடியான குடிசை, அரைவயிற்றுச் சாப்பாடு, வேலை. சானடோரியத்தில் ஓய்வும் நல்ல உணவும். ஓராண்டு முடிவில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறியிருந்தார்கள். 1959இல் முடிவுகள் வெளியாயின. வீட்டில் வைத்துப் பார்க்கப்பட்டவர்களின் குடும்பத்தாருக்குத் தொற்று கூடுதலாகப் பரவவில்லை என்பதையும் தொடர் கண்காணிப்பு காட்டியது.

இந்த ஆய்வை அறத்தின் பக்கமிருந்து பார்ப்பவர்கள் குலுக்கலில் தடுக்கி நிற்பது வழக்கம். தொற்றும் நோயோடு ஒருவரைக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கே அனுப்பலாமா என்ற கேள்வி நியாயமானது. விடை அன்றைய படுக்கைக் கணக்கில் இருந்தது. ஆய்வே இல்லாவிட்டாலும் பெரும்பாலான நோயாளிகள் வீட்டில்தான், மருந்துகூட இல்லாமல், கிடந்திருப்பார்கள். அதைவிட முக்கியம் கேள்வி எங்கிருந்து எழுந்தது என்பது. போதுமான படுக்கை வைத்திருந்த பணக்கார நாட்டுக்கு அந்தக் கேள்வி எழ வேண்டிய கட்டாயமே இல்லை. அது சென்னையின் சேரிகளிலிருந்து எழுந்தது, விடையும் முதலில் அந்தச் சேரிகளுக்கே பயன்பட்டது. பிறகு உலகமெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. ஏழைகள் பணக்காரர்களுக்குத் தந்த கொடை அது. ஆனால் முதல் பங்கு தங்களுக்கே வந்த பிறகு தந்தது. மையம் பின்னாளில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்தது. அரசு இராசாசி மருத்துவமனையை ஒட்டி மதுரையிலும் அதன் கிளை இயங்குகிறது.

கேள்வியின் உரிமை கைமாறினால் என்ன ஆகும் என்பதற்குத் தில்லியில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1970களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கொசுக்களை மரபியல் வழியில் கட்டுப்படுத்தும் பிரிவொன்றை நடத்தின. பணம் அமெரிக்க அரசிடமிருந்து வந்தது. இந்தக் கொசு ஆராய்ச்சி உயிரியல் போருக்குத்தானே பயன்படும் என்று பத்திரிகைகள் கேட்க, நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு 1975இல் கடுமையான அறிக்கை தந்தது, பிரிவு மூடப்பட்டது. சந்தேகம் எவ்வளவு சரி என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆனால் சந்தேகம் முளைக்க இடம் கொடுத்தது எது என்பதில் குழப்பமில்லை: ஏன் இந்த நோய், ஏன் இந்த ஊர், ஏன் இந்தப் பணம் என்று கேட்டவர்களுக்கு உரிய நேரத்தில் விடை கிடைக்கவில்லை. 2007இல் இந்தோனேசியா பறவைக் காய்ச்சல் வைரஸ் மாதிரிகளைப் பகிர மறுத்தபோதும் இதே வாதம்தான். மாதிரி எங்களுடையது, அதிலிருந்து வரும் தடுப்பூசி எங்களால் வாங்க முடியாத விலையில் என்றால் எதற்குக் கொடுக்க வேண்டும் என்று அந்த நாடு கேட்டது. நான்கு ஆண்டு பேச்சுவார்த்தைக்குப் பின் 2011இல், வைரஸைப் பகிர்வதும் பலனைப் பகிர்வதும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்ற உலக உடன்பாடு உருவானது.

மதுரைச் சமவெளிக்கு மிக நெருக்கமான தொற்று, கருவிழிப் புண். நெல்லடிக்கும்போது தெறிக்கும் உமி, கரும்புச் சோகையின் விளிம்பு, மாட்டு வாலின் வீச்சு, ஏதேனும் ஒன்று கருவிழியைக் கீறிவிடுகிறது. கீறல் வழியே மண்ணிலும் பயிரிலும் வாழும் பூஞ்சை உள்ளே போகிறது. தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது, மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஏதோ சொட்டு மருந்து விடுவது என்று நாட்கள் கழிகின்றன. அந்தச் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்துவிட்டால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். கடைசியில் கண்ணில் பூ விழுந்துவிடுகிறது. 1993ஆம் ஆண்டுக்கான ஒரு கணக்கின்படி மதுரை மாவட்டத்தில் லட்சம் பேரில் 113 பேருக்கு அந்த ஆண்டில் கருவிழிப் புண் வந்தது. அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு மாவட்டத்தில் எடுத்த கணக்கைப் போல இது பத்து மடங்கு. 1994இன் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு இந்தப் புண்ணோடு வந்த 434 பேரில் 284 பேருக்குக் கண்ணில் காயம் பட்டிருந்தது. வளர்ப்புச் சோதனையில் கிருமி தெரிந்தவர்களில் பாக்டீரியா மட்டும் 140 பேருக்கு, பூஞ்சை மட்டும் 139 பேருக்கு. குளிர்நாட்டுப் பாடப்புத்தகங்களில் ஒரு மூலையில் கிடக்கும் பூஞ்சை இங்கே சரிபாதி.

இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் கருவி ஆடம்பரமானதல்ல. கருவிழியைச் சுரண்டி எடுத்த துளியைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டி, நுண்ணோக்கியில் பார்த்தால் சில நிமிடங்களில் பூஞ்சை இழை தெரிந்துவிடும். தகட்டை விமானத்தில் அனுப்பி விடை வரக் காத்திருந்தால் கண் போய்விடும். ஆய்வகம் உள்ளூரில் இருக்க வேண்டும் என்பது இங்கே அறத்தின் வாதம் ஆவதற்கு முன்பே உடலின் வாதம்.

அரவிந்தும் சான்பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பிராக்டர் அறக்கட்டளையும் நெடுங்காலமாகச் சேர்ந்து நடத்திவரும் பரிசோதனைகளை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். முதலாவது, பாக்டீரியாப் புண்ணுக்கு ஆன்டிபயாட்டிக்கோடு ஸ்டீராய்டும் சேர்த்தால் பார்வை கூடுதலாகத் தேறுமா என்பது. 500 பேர் சேர்ந்தார்கள், பெரும்பாலோர் தென்னிந்தியர். 2012இல் வந்த முடிவு, மொத்தமாகப் பார்த்தால் மூன்று மாதத்தில் வேறுபாடு இல்லை என்றது. இந்தக் கேள்வி உலகக் கண் மருத்துவர்கள் எல்லோருக்கும் பொதுவானது; பதிலுக்கான உடல்கள் மட்டும் பெரும்பாலும் இங்கே. இரண்டாவது, பூஞ்சைப் புண்ணுக்குப் பழைய நாட்டாமைசினா, புதிய வோரிகோனசோலா என்பது. 323 பேர் பங்கேற்ற இந்தப் பரிசோதனை 2013இல் வெளியானது. பழைய மருந்தே மேல், குறிப்பாக ஃபியூசேரியம் என்ற பூஞ்சைக்கு. புதிய மருந்து பெற்றவர்களில் கருவிழி ஓட்டை விழுவது அதிகமாக இருந்ததால் அந்தப் பிரிவு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. இரண்டுக்கும் பணம் அமெரிக்க தேசிய கண் நிறுவனத்திலிருந்து வந்தது. இரண்டுமே ஒழுங்காக நடந்தவை. ஆயினும் இரண்டாவதற்கு அறத்தில் ஒரு படி கூடுதல் எடை உண்டு. ஏனெனில் அந்தக் கேள்வி இந்த மண்ணின் கேள்வி, அதன் விடையால் மறுநாளே பயன் பெறப்போகிறவர் இதே புறநோயாளி வரிசையில் வந்து நிற்கிறவர்.

அரவிந்தின் கதையில் ஆன்மிகமும் கலந்திருப்பதால் கேள்வி இன்னொரு முகம் காட்டுகிறது. ஜி. வெங்கடசாமி (1918–2006) அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று 1976இல் பதினொரு படுக்கைகளோடு மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் அறுவைச் சிகிச்சை செய்தவர். ஸ்ரீ அரவிந்தரைப் பின்பற்றியவர் என்பதால் மருத்துவமனைக்கும் அந்தப் பெயர். செயலையே யோகமாக்குவதும் எதிரில் இருப்பவரிடம் இறைமையைக் காண்பதும் அந்த மரபு. இத்தகைய சேவையில் கொடுப்பவர் மருத்துவர், பெறுபவர் நோயாளி. கொடுப்பதால் கொடுப்பவரே உயர்கிறார்.

ஆய்வில் இந்த இடங்கள் தலைகீழாகின்றன. அங்கே கொடுப்பவர் நோயாளி, பெற்றுக்கொள்பவர் ஆய்வாளர். சேவை மரபு மருத்துவருக்குத் தாழ்மையைக் கற்பிக்கிறது. கடன்பட்டவராக நிற்கக் கற்பிப்பதில்லை. அதைவிடச் சிக்கல் நோயாளியின் பக்கம். இலவசமாகக் கண் பெற்றவர் ஆய்வுக்குச் சம்மதமா என்று கேட்கப்படும்போது “நீங்க பார்த்துச் செஞ்சாச் சரிங்கய்யா” என்பார். சட்டப்படி அது சம்மதம். அறத்தின்படி அது நன்றி. நன்றியால் மறுக்க முடியாமல் போனவர் சம்மதித்தவர் ஆகமாட்டார். தரும மருத்துவமனைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி உண்டு: சிகிச்சை தருபவரும் ஆய்வுக்குச் சம்மதம் கேட்பவரும் வேறுவேறு ஆளாக இருப்பது, மறுத்தாலும் அதே சிகிச்சைதான் என்பதைக் கூட வந்த உறவினர் முன்னிலையில் சொல்வது.

மதுரையைச் சுற்றிய குன்றுகளில் தங்கிய சமணர்கள் தானத்தை நான்காகப் பிரித்தார்கள்: உணவு, மருந்து, கல்வி, அபயம். மாங்குளத்திலும் கீழக்குயில்குடியிலும் அவர்கள் விட்டுச்சென்ற படுக்கைகளும் கல்வெட்டுகளும் சிற்பங்களும் இன்றும் இருக்கின்றன. ஆய்வுக்கு உடலைத் தருபவர் மருந்தையும் அறிவையும் ஒரே நேரத்தில் தானம் செய்கிறார் என்று அந்தப் பகுப்பின்படி சொல்லலாம். பதிலுக்கு ஆய்வாளர் தர வேண்டியது நான்காவது, அபயம். மறுத்தால் ஒன்றும் ஆகாது, பாதியில் விலகினாலும் ஒன்றும் ஆகாது, தீங்கு நேர்ந்தால் கைவிடமாட்டோம் என்ற அஞ்சாமை அது. இன்றைய நெறிமுறைக் குழுக்கள் பக்கம் பக்கமாக எழுதுவதன் சாரம் இவ்வளவுதான்.

நோயை ஊழ்வினை என்று நம்பும் மக்களிடம் உண்மையான சம்மதம் பெற முடியுமா என்று வெளியிலிருந்து கேட்பவர்கள் உண்டு. இது பெரிதுபடுத்தப்பட்ட கவலை. ஊழுக்கு ஓர் அதிகாரம் வைத்த திருக்குறளே ஆள்வினைக்கும் ஓர் அதிகாரம் வைத்திருக்கிறது. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகுபவர்கள் மருத்துவமனைக்கும் போகிறார்கள். வினை என்பது நோய் ஏன் வந்தது என்பதற்குச் சொல்லும் பதில். வந்த நோயை என்ன செய்வது என்பதை அது முடிவு செய்துவிடுவதில்லை. சம்மதத்தைக் குலைப்பது வினை நம்பிக்கை என்பதைவிட, வெள்ளைக் கோட்டு முன் கைகட்டும் பழக்கம் என்பதே சரி.

ஒருவர் தலையசைத்தால் மட்டும் போதாத ஆய்வுகளும் உண்டு. மூளைக் காய்ச்சல் வகைகளில் ஒன்றான ஜப்பானிய மூளையழற்சி இந்தியாவில் முதலில் இனங்காணப்பட்டது 1955இல், வேலூர்ப் பகுதியில். அதைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு தேங்கிய நெல் வயலில் பெருகுகிறது. வைரஸ் கொக்குகளிடமும் பன்றிகளிடமும் பல்கிப் பிறகே மனிதரைத் தாக்குகிறது. இதை ஆராய 1985இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மதுரையில் மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தை நிறுவியது. ரேச்சல் ரூபன் தலைமையில் அங்கு நடந்த வேலைகளில் வயலே ஆய்வகமானது. நீரைத் தொடர்ந்து தேக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் புழுக்கள் சாகுமா, யூரியாவை வேப்பம் புண்ணாக்கில் கலந்து இட்டால் கொசு குறையுமா என்று பார்த்தார்கள். பலன் தெரிந்தது. சிக்கலும் தெரிந்தது: நீர் பாய்ச்சும் வேளையை ஒரு விவசாயி தனியாக முடிவு செய்ய முடியாது. பெரியாற்றுப் பாசனத்தில் முறை வந்தால்தான் தண்ணீர். அடுத்த முறை எப்போது என்று தெரியாதவர் இன்று வயலைக் காயவிடத் துணியமாட்டார். எனவே சம்மதம் ஆயக்கட்டு முழுவதும் சேர்ந்து தர வேண்டியது. அதற்குப் படிவம் எதுவும் இல்லை.

பன்றி வளர்ப்பவர்களின் நிலை இன்னும் நுட்பமானது. அவர்கள் பெரும்பாலும் சாதி அடுக்கின் அடியில் இருப்பவர்கள். பன்றியின் இரத்தத்தில் வைரஸ் என்று ஆய்வு சொன்னால் ஊர் அவர்களை விரட்டக் கூடும். வயலுக்குத் தண்ணீர் கட்டியவரை யாரும் விரட்டப்போவதில்லை. உண்மை ஒன்றுதான், அதன் சுமை ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. கொசுவும் கொக்கும் பன்றியும் வயல் நீரும் சேர்ந்த சங்கிலியைச் சங்கிலியாகவே ஊருக்கு விளக்குவது ஆய்வாளரின் கடமையில் சேரும். தொலைநாட்டுக் கூட்டாளிக்கு இந்த ஊர் நுணுக்கம் தெரிய வாய்ப்பில்லை. மதுரையில் இருப்பவருக்குத் தெரியும், தெரியாது என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லை.

உறைகலனில் இருக்கும் மாதிரிகள் இன்னொரு சிக்கல். கழித்தல் எண்பது பாகையில் ஒரு மாதிரி பல்லாண்டு இருக்கும். அதை வைத்து நாளை கேட்கப்படும் கேள்வி இன்று யாருக்கும் தெரியாது. எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று இன்றே ஒப்புதல் வாங்குவது வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவது போன்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் விரிந்த சம்மதத்தோடு, எந்தெந்த வகை ஆய்வுக்குச் சரி, எதற்குச் சரியில்லை என்று நோயாளியே படிப்படியாகத் தெரிவு செய்யும் முறையையும் அனுமதிக்கின்றன. அயல்நாட்டுக் கூட்டாய்வுகளைத் தனிக் குழு ஒன்று ஆராய்ந்தே அனுமதிக்கிறது. வணிகப் பயன் விளைந்தால் கொடுத்தவர்களுக்கும் அவர்களின் சமூகத்துக்கும் பங்கு தருவதைக் கருத வேண்டும் என்ற கருத்தும் உண்டு. பங்கு யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்பது தீராத கேள்வி. கையெழுத்திட்டவருக்கா, அவர் இறந்திருந்தால் பிள்ளைகளுக்கா, அவர் ஊருக்கா, அதே நோயோடு நாளை வரப்போகிறவர்களுக்கா? தனிநபர் உரிமையிலிருந்து தொடங்குபவர்கள் முதல் விடையை ஏற்பார்கள். மாதிரி கொடுக்கப்பட்டதே வராதவருக்காக என்ற நிலையிலிருந்து பார்த்தால் கடைசி விடையே வலுவானது. பங்கு பணமாக வராமல், அதே மாவட்டத்தில் விலை குறைந்த மருந்தாகவும் இலவசப் பரிசோதனையாகவும் வந்து சேர வேண்டும். அப்படிச் சேர்ந்ததா என்று திரும்பிப் பார்க்கக் கூடியது, நோயாளிகள் அடுத்த பரிசோதனைக்கு வந்து போகும் தொலைவில் இருக்கும் ஆய்வகம்தான்.